கைதடியில் ஒரு தனியார் பல்கலைக்கழகம்

யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகம் திறக்க இடம் தேடும் முதலாளிமாருக்கு நற்செய்தி. கைதடியில் வட மாகாண சபை மண்டபம் இருக்கிறது. 38 உறுப்பினருக்கான ஆசனம், தலைவருக்கு உயர்ந்த கதிரை, எல்லாம் தயார். 2018 ஒக்டோபரோடு சபையின் ஆயுள் முடிந்தது. அதற்குப் பிறகு அங்கே போயிருக்க எவரையும் நாங்கள் தெரிவு செய்யவில்லை. தெரிவு செய்ய விடவுமில்லை. வகுப்புக்கு 38 பேர்தான் என்றால் பெற்றோர் உருகிப்போவார்கள்.

கணினியும் கணக்கியலும் வேண்டாம், அவை சந்திக்குச் சந்தி கிடைக்கின்றன. பொதுக் கொள்கை படிப்பியுங்கள். கொழும்புப் பிள்ளை கொள்கையை ஸ்லைட்டில் பார்க்கும். எங்கள் பிள்ளைக்கு அது கிணற்றுக்குள்ளேயே மிதக்கும். சுன்னாகத்தில் மிதந்ததே! வாளியை இழுத்தால் தண்ணீருக்கு மேலே எண்ணெய்ப் படலம். மாகாண சபை நிபுணர் குழு வைத்தது. ஆபத்தான எண்ணெய் மாசு இல்லை என்றது குழு. மணந்து பார்த்த சனத்தின் மூக்குக்குத் தகைமைச் சான்றிதழ் இல்லைத்தானே. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், கிணறுகளை மாசாக்கியதற்கு மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்று தீர்த்தது. பரீட்சை வினா: குழுவின் அறிக்கையை எந்தக் கிணற்றில் போடலாம்?

1990இல் போரால் ஓடிய மயிலிட்டிச் சனத்துக்கு, இராணுவம் வைத்திருந்த துறைமுகம் திரும்பியது 2017இல். அந்த 27 வருடத்தையும் 'நடைமுறைத் தாமதம்' என்று எழுதுகிற பிள்ளைக்கு முழுப் புள்ளி.

அனுமதிக்கு வெட்டுப்புள்ளி தேவையில்லை. 1970களின் தொடக்கத்தில் மருத்துவபீடத்துக்குச் சிங்கள மொழிமூலத்துக்கு 229, தமிழ் மொழிமூலத்துக்கு 250 என்று வெட்டியது அரசாங்கம். தனியார் அப்படிப் பாகுபாடு காட்டமாட்டார்கள். எல்லாப் பெற்றோரின் கழுத்தையும் ஒரே அளவில் வெட்டுவார்கள்.

ஒரு பாடத்தை மட்டும் தவணை முழுக்கப் படிப்பிக்க வேண்டும். 2017இல் மாகாண சபைத் தேர்தல் சட்டத்தை மாற்றினார்கள். புதிய தொகுதிகளுக்கு எல்லை போட ஒரு குழு. அதன் அறிக்கை 2018 ஓகஸ்ட் 24இல் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. எதிராக 139. ஆதரவாகப் பூச்சியம். அறிக்கையைக் கொண்டுவந்த அமைச்சர் பைசர் முஸ்தபாவே எதிர்த்து வாக்களித்தார். பந்தலைப் போட்டவரே பந்தலுக்கு நெருப்பு வைத்த கலியாணம் வேறெங்கே நடந்தது? பிறகு பிரதமர் தலைமையில் ஒரு மீளாய்வுக் குழு, இரண்டு மாதத் தவணையோடு. தவணை போனது, அறிக்கை வரவில்லை. பழைய முறை செத்துவிட்டது, புதிய முறைக்கு எல்லை இல்லை. ஆகவே தேர்தலும் இல்லை. தேர்தலை ஒருவரும் நிறுத்தவில்லை, பாருங்கோ. அது தானாக நின்றுவிட்டது! ஜனாதிபதி அனுப்புகிற ஆளுநர்மார் வருவார்கள், போவார்கள். நாங்கள் மகஜர் கொடுப்போம்.

கொழும்பைத் திட்டினால் மட்டும் வயிறு ஆறாது. 2013இல் 38இல் 30ஐ ஒரே கட்சிக்கு அள்ளிக் கொடுத்தோம். ஐந்து வருடம் தீர்மானம் நிறைவேற்றினார்கள். மிச்ச நேரத்தில் தங்களுக்குள் அடிபட்டார்கள். அந்த ஓகஸ்ட் வாக்கெடுப்பில் எங்கள் வாக்கில் பாராளுமன்றம் போனவர்களில் ஒருவர்கூட ஆதரவாக நிற்கவில்லை. சூடு சுரணை இருந்தால் அன்றைக்கே ஊருக்கு வந்து ஏனென்று சொல்லியிருக்க வேண்டும். விருந்தினர் விரிவுரைக்கு அவர்களையே கூப்பிடுங்கள். தலைப்பு 'அதிகாரப் பகிர்வு' என்றால் குறிப்பில்லாமலே இரண்டு மணித்தியாலம் பேசுவார்கள். சம்பளம் கேட்கமாட்டார்கள். மாலை மட்டும் பெரிதாக இருக்கட்டும்.