சீஸுக்குள் ஒரு கன்றுக்குட்டி

கேள்வி: பேரனின் பிறந்தநாளுக்குக் கொள்ளுப்பிட்டி இத்தாலிய உணவகத்தில் விருந்து. வெள்ளிக்கிழமை நான் சைவம். பாஸ்தாவும் சீஸும்தானே, பயமில்லாமல் சாப்பிடலாமா?
- ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்: தாராளமாகப் போங்கள் அம்மா. ஆனால் சீஸில் ஒரு கண் இருக்கட்டும். அசல் பார்மிஜானோ சீஸுக்குப் பாலைத் திரைய வைப்பது கன்றுக்குட்டியின் இரைப்பையில் எடுக்கும் நொதியம். இத்தாலியில் அது விதி. பச்சை நிற பெஸ்டோவிலும் வழக்கமாக அந்தச் சீஸ்தான். சீசர் சாலட் பச்சைப் பசேலென்று அப்பாவியாக வரும், சோஸுக்குள் நெத்தலி ஒளிந்திருக்கும். ரிசோட்டோவைப் பல சமையலறைகளில் கோழி அவித்த தண்ணீரில்தான் வேகவைப்பார்கள்.

உங்களுக்கென்றே ஒன்று இருக்கிறது: ஸ்பகெட்டி அக்லியோ எ ஒலியோ. மெல்லிசாகச் சீவிய உள்ளியை ஒலிவ் எண்ணெயில் வதக்கி, அது கருகுமுன் செத்தல் மிளகாயை நுள்ளிப் போட்டு, பாஸ்தா அவித்த தண்ணீரில் ஒரு கரண்டி விட்டுப் பிரட்டுவார்கள். நேப்பிள்ஸில் பிறந்தாலும் நம்முடைய தாளிதத்துக்கு அது ஒன்றுவிட்ட சகோதரம்! காய்ந்த ஸ்பகெட்டியில் பொதுவாகக் கோதுமையும் தண்ணீரும்தான். புதிதாகப் பிசையும் பாஸ்தாவில் முட்டை சேரும். எது என்று கேளுங்கள். மேலே சீஸ் தூவ வேண்டாம் என்பதையும் ஓடர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.