எட்டுப் பீரியடு, ஒரு முட்டை

சோமனூர் வட்டாரத்துப் பள்ளிகளில் டைம்டேபிள் போடும் வேலை பெரும்பாலும் கணக்கு வாத்தியார் தலையில்தான் விழும். நாளைக்கு 8 பீரியடு, வாரத்துக்கு 5 நாள், ஆக 40 கட்டம். இதற்குள் தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் ஐந்தையும் அடைக்க வேண்டும், ஓவியம், பி.டி., நூலகம் ஆகியவற்றுக்கும் ஒதுங்க இடம் விட வேண்டும். கோவையிலிருந்து பஸ்ஸிலும் பாசஞ்சர் ரயிலிலும் வருகிறவர்களுக்கு முதல் பீரியடு ஆகாது. சோற்றுக்குப் பின்னால் வரும் பீரியடு யாருக்குமே ஆகாது. அழித்து அழித்து எழுதி, தலைமையாசிரியர் கையெழுத்தோடு நோட்டீஸ் போர்டில் ஒட்டிய பிறகு பார்த்தால், கணக்குக்கு மட்டும் எல்லா நாளும் காலை நேரம் வாய்த்திருக்கும். அது தானாக அமைந்தது என்று அவர் சத்தியமே செய்வார்.

காலை வணக்கக் கூட்டத்துக்கும் கணக்கு உண்டு. தமிழ்த்தாய் வாழ்த்தை முல்லைப்பாணிப் பண்ணில் 55 விநாடிக்குள் பாட வேண்டும் என்று 2021 டிசம்பரில் அரசாணை வந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசாணையும் தெரியாது, பண்ணும் தெரியாது. மூச்சு இருக்கிறவரை இழுப்பார்கள். பிறகு குறள், அதற்குப் பொருள், அதன் பிறகு செய்தி. செய்தி வாசிக்கும் பெண் வெளிநாட்டு அதிபர்களின் பெயர்களில் தடுக்கி விழுந்து, நூல் விலை வந்ததும் எழுந்து நிற்பாள். அது வீட்டில் தினமும் காதில் விழுகிற சங்கதி.

இந்த ஊரில் பாடம் தனியாகக் கேட்காது, தறிச் சத்தத்தோடு சேர்ந்துதான் கேட்கும். தறி குடோனுக்குப் பக்கத்து வகுப்பில் நடத்தி நடத்தி ஆசிரியர்களுக்குக் குரல் தானாகவே இரண்டு கட்டை ஏறிவிடும். பராமரிப்புக்காக மின்வாரியம் கரண்டை நிறுத்தும் நாளில்தான் வேடிக்கை. காலை 9 மணிக்குப் போகும் கரண்ட் மாலை 4 மணிக்கு வரும். பள்ளி நேரத்தைப் பார்த்து வைத்தது போலவே இருக்கும். அன்றைக்குத் தறி நிற்கும், டீச்சர் பழக்கம் நிற்காது. ஒளிச்சேர்க்கை ரயில் நிலையம் வரைக்கும் கேட்கும்.

2025 மார்ச், ஏப்ரலில் நிலைமை வேறு. கூலி உயர்வு கேட்டு, கூலிக்கு நெய்கிற விசைத்தறிக்காரர்கள் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் தறியை நிறுத்தினார்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு அந்த நாட்களில்தான் வந்தது. ‘புள்ளைக படிக்க நல்ல அமைதி’ என்று யாரும் சொல்லவில்லை. நெசவாளர் வீட்டில் தறி ஓடாத அமைதியில் படிப்பு ஏறாது.

எழுதி ஒட்டியது ஒன்று, நடப்பது ஒன்று என்பதற்கு பி.டி. பீரியடை விட வேறு சாட்சி வேண்டியதில்லை.

“ஏனுங் சார், இது பி.டி.ங்களே?”

“தெரியும் கண்ணு. இந்த ஒரு கணக்க முடிச்சுப் போட்டு உட்டர்றேன்.”

அந்த ஒரு கணக்கு மணி அடிக்கிறவரை முடியாது. இது கோயமுத்தூர்ப் பக்கத்து வழக்கம் மட்டுமல்ல. கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் பி.டி. பீரியடைக் கடன் வாங்கக் கூடாது என்று உதயநிதி ஸ்டாலினே பொது மேடையில் கேட்டுக்கொண்டிருக்கிறார். அதுவரை வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது பற்றிப் பேச்சு எழவில்லை. தமிழ்நாட்டு வழக்கப்படி தள்ளுபடி ஆகியிருக்க வேண்டும்.

2025-ஆம் ஆண்டு பள்ளி திறந்ததுமே வாட்டர் பெல் வந்தது. காலை 11, மதியம் 1, மாலை 3 என மூன்று முறை தனி மணி. பிள்ளைகள் தண்ணீர் குடிக்க வேண்டும். நல்ல திட்டம்தான், கேலி செய்ய மனம் வராது. காலையில் கொண்டுவந்த பாட்டிலை அப்படியே வீட்டுக்குத் தூக்கிப் போகிற பிள்ளைகள் ஏராளம். ஆனால் குடித்த தண்ணீருக்கு அடுத்த மணி எப்போது என்று யாரும் யோசிக்கவில்லை. பதினொன்றரைக்கு வகுப்பில் பாதிப் பேர் சுண்டு விரலைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள்.

அதற்கடுத்து ‘ப’ வடிவ இருக்கை. ‘ஸ்தானார்த்தி ஸ்ரீகுட்டன்’ என்ற மலையாளப் படத்தில் கடைசி பெஞ்சே இல்லாத வகுப்பு வருகிறது. ஜூலையில் அந்த யோசனை தமிழ்நாட்டுக்கும் வந்து சேர்ந்தது. இருபது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் பெஞ்சை இழுத்துப் போட்டால் ‘ப’ வந்துவிடும். நாற்பத்தைந்து பேர் இருந்தால் எவ்வளவு நெருக்கிப் போட்டாலும் ‘ண’தான் வரும். கழுத்து வலிக்கும் என்று எதிர்ப்புக் கிளம்பியது. இது சோதனை முயற்சிதான் என்று அமைச்சர் அன்பில் மகேஷ் விளக்கம் சொன்னார். கடைசி பெஞ்சுக்காரர்கள் பூர்வீக இடத்துக்கே திரும்பினார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு வந்த மகிழ் முற்றம் பரவாயில்லை, நிலைத்துவிட்டது. பிள்ளைகளை குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுக்களாகப் பிரிக்கும் திட்டம் அது. கடலைப் பார்க்கப் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்ட வேண்டிய ஊரில் நெய்தல் குழுவுக்குக் கொஞ்சம் சங்கடம்தான். ஏப்ரல் வெயிலில் பாலைக்காரர்களுக்கு மட்டும் சொந்த ஊரில் இருப்பது போலிருக்கும். தறிக்கு என்று சங்கப் புலவர்கள் ஒரு திணை வைக்காமல் போனது சோமனூருக்கு நட்டமே.

மதிய மணிக்கு மட்டும் சுற்றறிக்கை தேவைப்பட்டதே இல்லை. 1982-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில், 2010 முதல் வாரத்தின் 5 நாளும் முட்டை உண்டு. முட்டை சாப்பிடாதவர்களுக்கு வாழைப்பழம். வீட்டில் சுத்த சைவம், பள்ளியில் முட்டை என்று இரட்டை வாழ்க்கை நடத்தும் பிள்ளைகளைச் சத்துணவு அம்மா ஒருநாளும் காட்டிக்கொடுக்க மாட்டார்.

முட்டை என்றால் நாமக்கல். நாமக்கல் என்றால் மார்க்கும்தான். அந்தப் பக்கத்து விடுதிப் பள்ளிகளுக்கு ‘பிராய்லர் பள்ளி’ என்று கொங்கு நாட்டிலேயே பட்டப் பெயர் உண்டு. விடியும் முன்பே எழுப்பி, நள்ளிரவை ஒட்டித் தூங்கவிடும் டைம்டேபிள். பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமலேயே, பிளஸ் டூ பாடத்தை இரண்டு வருசம் அரைத்த பள்ளிகள் பல. பதினோராம் வகுப்பின் ஜாதகமே அப்படி. 1978-ல் பிளஸ் டூ வருவதற்கு முன்பு அதுதான் எஸ்.எஸ்.எல்.சி.; ‘பழைய எஸ்.எஸ்.எல்.சி.’ என்று சொல்லும்போது தாத்தாக்களின் முதுகு இன்றைக்கும் நிமிரும். பிறகு பத்தாவதுக்கும் பன்னிரண்டாவதுக்கும் நடுவே கேட்பாரற்றுக் கிடந்தது. அதைக் காப்பாற்ற 2017-ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு என்று உத்தரவு வந்தது; பிளஸ் டூவின் 1,200 மார்க்கும் 600 ஆனது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை, அந்தப் பொதுத்தேர்வு வேண்டாம் என்று எடுத்துவிட்டது.

இதைப் பெற்றோர் கூட்டத்தில் புரியவைப்பது லேசான காரியமில்லை.

“பரிச்சையே இல்லீன்னா வருசம் பூரா என்னத்தைங் சார் நடத்துவீங்க?” என்பார் தறிக்கார அப்பா ஒருவர்.

“பாடம் நடத்துவமுங்க. மாசப் பரிச்சை, முழுப் பரிச்சை எல்லாம் இருக்குதுங்க” என்பார் தலைமையாசிரியர்.

அப்பா சித்த நேரம் யோசிப்பார். “அதுக்கு இப்பவே பிளஸ் டூ பாடத்தை ஆரம்பிச்சுப் போடலாமுங்களே?”

தலைமையாசிரியர் அவசரமாக எல்லாருக்கும் டீ சொல்லி அனுப்புவார்.