பாய் தலாணியோட வந்த மச்சினன்

ஏலே பேராண்டி, போன்ல இடமில்லைன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கியே, இங்க கொண்டா பாப்போம். அடேயப்பா! எத்தனை பக்கம் தள்ளினாலும் தீரமாட்டேங்கே. பஸ்ஸுக்கு நாலு ஆப்பு, வருசத்துக்கு ஒருக்கா தீவாளித் துணி எடுக்க ஆறு ஆப்பு. டார்ச்சுக்குமா ஒண்ணு? திரைய மேலேருந்து கீழ இழுத்தா போன்லயே டார்ச் இருக்குலே, படிச்ச பிள்ளை! அமெரிக்காவுல ஒரு டார்ச் ஆப்பு, வெளிச்சம் போட்டதோட நிக்காம, ஆளு எங்க நிக்கான்னு விளம்பரக் கம்பெனிக்குச் சொல்லிக்கிட்டே இருந்திருக்கு. 2013-ல அந்த அரசாங்கம் காதைத் திருகிச்சு.

ப்ரவுசர்ல பாக்க வெப்சைட்டு, திண்ணையில உக்காந்து மோர் குடிச்சிட்டுப் போயிருத விருந்தாளி. ஆப்பு, பாய் தலாணியோட வந்து இறங்குத மச்சினன். வந்த அன்னைக்கே நம்பரெல்லாம் குடுங்கான், போட்டோவக் காட்டுங்கான், எங்க போற வாரன்னு சொல்லுங்கான். நீயும் படிச்சுப் பாக்காம 'சரி, சரி'ன்னு அமுக்குத. பொறவு நடுச்சாமத்துல எழுப்பி, பிரியாணிக்குத் தள்ளுபடிங்கான்!

ஆப்புக்காரன் சும்மாவா அழைக்கான்? வெப்சைட்டுக்குள்ள போனா பாதித் திரைய மறைச்சிக்கிட்டு 'ஆப்பை இறக்கு'ன்னு நிக்கான். அதை மூடுத பெருக்கல் குறி என் கண்ணாடிக்கே தட்டுப்படலை. 2015-ல துணி விக்குத மிந்த்ராக்காரன் வெப்சைட்டையே மூடிட்டு, இனி ஆப்புல மட்டுந்தான் யாவாரம்னான். மறுவருசமே கதவத் திறந்துட்டான். வாங்குத ஜனம் எங்க நிக்கோ, யாவாரி அங்கதான வரணும்?

அதுக்காக ஆப்பே ஆகாதுன்னு சொல்லலை. பணம் அனுப்புத ஜிபே, போன்பே எல்லாம் இருக்கட்டும். உன் சிம்மு அந்தப் போன்லதான் இருக்கான்னு எஸ்எம்எஸ் அனுப்பிப் பாத்துட்டுத்தான் அது வேலையே தொடங்கும். சிக்னல் இல்லாத மலைக்குப் போறியா, மேப்பை ஆப்புல முன்னாலேயே இறக்கி வச்சிக்கோ. பட்டா பாக்க, கரண்டு பில்லு கட்ட, பரீட்சை ரிசல்ட் பாக்க ப்ரவுசரே காணும். அடிக்கடி தேவைன்னா குரோம்ல மூணு புள்ளிய அமுக்கி முகப்புத் திரையில சேத்துக்கோ. ஆப்பு கணக்கா படம் வந்து உக்காரும், இடத்த அடைக்காது.

வெப்சைட்டு எல்லாம் உத்தமபுத்திரன்னு நினைச்சிராத. மேல இருக்க விலாசத்தப் படி. பட்டா பாக்க இடத்துல 'டிஎன் டாட் ஜிஓவி டாட் இன்' இல்லன்னா எந்திரிச்சு வந்துரு. கல்யாணப் பத்திரிகைன்னு வாட்ஸப்புல ஏபிகேன்னு ஆப்பு ஃபைலு வந்தா தொடவே தொடாத. பத்திரிகைக்கு எதுக்குலே ஆப்பு? பொண்ணு மாப்பிள்ளை இருக்கமாட்டாவ, மொய் மட்டும் உன் பேங்குக் கணக்குல இருந்து போயிரும்.

ஆண்ட்ராய்டு 11-ல இருந்து, மாசக்கணக்கா நீ தொடாத ஆப்புக்குக் குடுத்த அனுமதியப் போனே பிடுங்கிக்கிடுது. போனுக்கு இருக்க புத்தி உனக்கு எப்பம் வரும்? அந்தத் துணிக்கடை ஆறுல அஞ்ச இன்னைக்கே தூக்கிரு. ஆனா ஒண்ணு, ஆப்பை அழிச்சா அவன்கிட்ட இருக்க உன் கணக்கு அழியாது. உள்ள போயி கணக்க மூடிட்டு, அப்புறம் அழி.