பூஜ்யம் காட்டும் கருவிக்கு

உன்னைப் புகழ்ந்து நாலு வார்த்தை எழுத வேண்டும் என்று வெகுநாளாக எண்ணம். வேலூரிலிருந்து வாணியம்பாடி வரை எத்தனையோ பேருக்கு மாலை போட்ட ஊர்கள் இவை. பொது சுத்திகரிப்பு நிலையத்தின் கடைசிக் குழாயில் உட்கார்ந்து, ராத்திரி பகல் பாராமல் தண்ணீரை அளக்கும் உனக்கு ஒரு முழம் பூ யாரும் வாங்கித் தந்ததில்லை.

தோல் பதனிடும் டேனரிகளின் கழிவுநீரைச் சுத்தம் செய்து திரும்பத் தொழிலுக்கே எடுத்துக்கொள்ள வேண்டும், ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்பது இங்கே விதி. ஆகவே வெளிக்குழாயில் நீ காட்ட வேண்டிய எண் ஒன்றே ஒன்று: பூஜ்யம். கால் மணிக்கு ஒருமுறை உன் வயிற்றிலிருக்கும் சிம் கார்டு அந்தப் பூஜ்யத்தைக் காற்றில் ஏற்றி அனுப்பிவிடுகிறது. பக்கத்தில் கண் கொட்டாத கேமரா வேறு. 2014 பிப்ரவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 17 வகைத் தொழில்களுக்கு உன் இனத்தைக் கட்டாயமாக்கியது. தோல் பதனிடுதலும் அதில் ஒன்று. நீ லீவு போடுவதில்லை. உனக்கு டீ வாங்கித் தந்து பேசி முடிக்க யாராலும் ஆகாது.

மழை விட்ட காலையில் ஆம்பூர் பக்கம் மாராப்பட்டுப் பாலத்தில் நின்று பாலாற்றைப் பார்த்திருக்கிறேன். நுரை இடுப்பளவு பொங்கி நிற்கும். பத்திரிகையில் வெள்ளை என்று எழுதுவார்கள். கிட்டப் போனால் ஓரமெல்லாம் சாம்பல் நிறம். காற்றடித்தால் கொத்துக் கொத்தாகப் பிய்ந்து பறந்து சீமைக்கருவேல முள்ளில் மாட்டிக்கொள்ளும்; உடைந்த இடத்தில் பழுப்பாகக் கறை நிற்கும். அழுகிய முட்டை நாற்றம். டேனரியின் சுண்ணாம்புத் தொட்டிக்குப் பக்கத்துத் தெருவில் வளர்ந்தவனுக்கு அது எங்கிருந்து வருகிறது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்ட காலையிலும் நீ பூஜ்யம் காட்டலாம். காட்டினால் அது பொய்யாகவும் இருக்காது. உன் குழாயில் ஒன்றும் போயிருக்காது. இருட்டில், மழைச் சத்தத்தில், வேறு யாரோ வேறு எந்த வாய்க்காலையோ திறந்துவிட்டிருப்பார்கள். தன் குழாய்க்கு அப்பால் எட்டிப் பார்க்காத இந்த அடக்கம் உன்னைத் தவிர யாருக்கு வரும்!

அளவு மீறினால் உடனே குறுஞ்செய்தி போகும் ஏற்பாடும் உன்னிடம் உண்டு. ஆலைக்குப் போகும், வாரியங்களுக்குப் போகும். ரேஷனில் சர்க்கரை வாங்கினால் என் அம்மாவின் போனுக்கு மெசேஜ் வருகிறது. ஆற்றோரம் கிணறு வைத்திருப்பவரின் எண் மட்டும் உன் பட்டியலில் இல்லை. அவர் காலையில் வாளியை இறக்கி, தண்ணீரின் நிறத்தைப் பார்த்துத் தானே தெரிந்துகொள்கிறார். படித்தவர்களுக்கு மட்டும் செய்தி அனுப்பி, பார்த்தே தெரிந்துகொள்பவரைத் தொந்தரவு செய்யாமல் விடுகிறாய்.

உனக்கு மூத்தது ஒன்று இந்த மாவட்டத்தில் இருந்தது: அஞ்சலட்டை. பழைய வட ஆர்க்காட்டில் வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் டாக்டர் ஜேக்கப் ஜானும் கூட்டாளிகளும் நடத்திய நோய்க் கண்காணிப்பு. அரசு மருத்துவரோ தனியார் மருத்துவரோ, போலியோவோ காலராவோ என்று சந்தேகப்பட்டால் அச்சடித்த கார்டில் எழுதித் தபாலில் போட்டுவிடுவார்கள். விவரம் தொகுக்கப்பட்டு மாதாமாதம் அவர்களுக்கே திரும்பி வரும். 1998இல் லான்செட் இதழ் வளரும் நாடுகளுக்கு முன்மாதிரி என்று அதை வெளியிட்டது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு வைத்த பெயர் ‘நதி’. சிம் கார்டு இல்லை, கேமரா இல்லை. ஆனால் சொன்னவனுக்குப் பதில் வந்தது. வேகத்தில் உன் கால் தூசுக்கு ஆகாது அது. நீ கால் மணிக்குள் சொல்லிவிடுகிறாய். பதிலுக்காக நாங்கள் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் காத்திருக்கலாம்.

காத்திருப்பதில் எங்களை மிஞ்ச ஆளில்லை. டேனரிக் கழிவுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது 1991இல். 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்பு வந்தது. சுற்றுவட்டாரத்தில் 35,000 ஹெக்டேர் வரை நிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிருக்கு ஆகாமல் போனது என்பதைப் பதிவு செய்து, மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்றது. நாட்டின் சுற்றுச்சூழல் சட்டத்துக்கே அது அடிக்கல்களில் ஒன்று. இன்று இந்தியாவில் எந்தச் சட்டக் கல்லூரியிலும் ‘வேலூர்’ என்ற பெயரைப் படிக்காமல் ஒருவரும் பட்டம் வாங்க முடியாது. ஆறு போனால் என்ன, பெயர் நின்றுவிட்டது! 29 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இழப்பீட்டுக்கு உரியவர்களாக அந்தத் தீர்ப்பின்படி அமைந்த ஆணையம் கணக்கெடுத்தது. 2025 ஜனவரி 30இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு அதே ஆற்றுக்காக, அதே இழப்பீட்டுக்காக மறுபடி உத்தரவிட்டது. முதல் தீர்ப்பு வந்த மாதம் பிறந்த குழந்தைக்கு அப்போது இருபத்தெட்டு வயது முடிந்திருந்தது. நிலம் போனவர்களில் எத்தனை பேர் அதைக் கேட்க உயிரோடு இருந்தார்கள்?

ராணிப்பேட்டையைச் சொல்லாமல் உன் புகழ் நிறையாது. உன்னைப் பொருத்தி முடிக்கக் கொடுத்த கெடு 2015 மார்ச் 31. அதற்குச் சரியாக இரண்டு மாதம் முன்பு, ஜனவரி 31 பின்னிரவில், அங்கே சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு பொது சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சேறு வந்து விழுந்தது. பத்துப் பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். நீ அப்போதே இருந்திருந்தாலும் உன்மேல் ஒரு குற்றமும் சொல்லியிருக்க மாட்டேன். நீ தண்ணீரை அளப்பவன். சுவரின் கனத்தை அளக்கவோ, சுவருக்கு அந்தப் பக்கம் பாய் விரித்துப் படுத்தவர்களை எண்ணவோ உன்னை யாரும் கேட்கவில்லை. அதே ஊரில் குரோமேட் ஆலை மூடிக் கிடந்த இடத்தில் லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு குவிந்திருந்தது. மழைக்கு மழை மஞ்சளாகக் கசிந்த அந்தக் குவியலுக்கும் உனக்கும் சம்பந்தமில்லை.

தண்ணீர் கேன் போடும் பையன் ஒருநாள் எங்கள் வீட்டுக் கிணற்று நீரில் கரைந்த உப்பை அளக்கும் தன் டிடிஎஸ் பேனாவை நனைத்துப் பார்த்தான். எண் நாலு இலக்கத்துக்கு ஓடி நின்றது. “அண்ணே, இதுல துணிகூட தொவைக்காதீங்க” என்றான். காசு வாங்காமல், சட்டம் சொல்லாமல், எண்ணைக் குடிக்கிறவனிடமே சொன்ன கருவி என் வாழ்நாளில் அது ஒன்றுதான்.

இப்போது மேட்டூரிலிருந்து மலை தாண்டிக் குழாயில் வரும் காவிரி நீர்தான் எங்களுக்குக் குடிக்க. வந்தால் வரும். இன்று காலை எதிர்வீட்டுப் பாட்டி இடுப்பில் குடத்தோடு வாசலுக்கு வந்தாள். பாலாறு அவள் வீட்டுப் பின்கட்டிலிருந்து கூப்பிடு தூரம்.

“ஏம்பா, காவிரி வுட்டாங்களா?”

“இன்னும் இல்ல பாட்டி.”

குடத்தைத் திண்ணையில் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தாள்.