நம்ம பூனை இல்லைங்க

நங்கநல்லூர்ப் பக்கம் எந்த அடுக்ககத்துக்குப் போனாலும் இப்படி ஒருவர் இருப்பார். வங்கியிலோ மின்வாரியத்திலோ முழு சர்வீஸ் பார்த்து ரிடையர் ஆனவர். பால்கனி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மடியில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பூனை தூங்கிக்கொண்டிருக்கும். “பூனை வளர்க்கிறீங்களா சார்?” என்று கேட்டுவிட்டால் போதும், முகம் மாறிவிடும். “சேச்சே, நம்ம பூனை இல்லைங்க. அதுவா வருது, அதுவா போகுது” என்பார், தூக்கம் கலைந்துவிடாதபடி குரலைத் தாழ்த்தி.

வருவதென்னவோ உண்மைதான். போய்தான் யாரும் பார்த்ததில்லை.

வீட்டுக்குள் கால் வைத்தாலே அவர் கட்சி தோற்றுவிடும். சோபாவின் இரண்டு கைகளிலும் உறை கிழிந்து பஞ்சு எட்டிப் பார்க்கும். மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி கூடத்தின் நட்டநடுவில் கிடக்கும். அதைப் பழைய பேப்பர்காரரிடம் போடக் கூடாது என்று உத்தரவு. குளியலறை சன்னலில் ஒரு கண்ணாடியை அவரே கழற்றி வைத்திருக்கிறார். கேட்டால் காற்றோட்டத்துக்காம்.

மூட்டுவலி என்று மனைவி வருஷக்கணக்காகக் கெஞ்சியும் ஐந்தை விட்டு இறங்காத ஃபேன், மார்கழியில் ஒருநாள் பூனை சுருண்டு படுத்ததும் இரண்டுக்கு இறங்கியது. அந்த அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. ரெகுலேட்டரைப் பார்த்தார், பூனையைப் பார்த்தார், அடுக்களைக்குள் போய்விட்டார். இந்த மாதிரி வீடுகளில் உண்மையான பொறுமைசாலி யார் என்று எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

பூனை விடியலிலும் அந்தியிலும் வேட்டைக்குக் கிளம்பும் இனம். ஆகவே இவருடைய பொழுது நாலரைக்கே விடிகிறது. முதலில் காதோரம் ஒரு மியாவ், பிறகு மூக்கின்மேல் ஒரு பாதம், அதற்கும் அசையாவிட்டால் மேஜைமேல் இருக்கும் மூக்குக் கண்ணாடியை மெதுவாக விளிம்புவரை தள்ளிக்கொண்டு போகும். விழுவதற்குள் எழுந்துவிடுவார். ஆறு மணிக்குப் பேப்பர் வந்து தரையில் விரித்தால், எந்தப் பக்கத்தைப் படிக்கிறாரோ அதன் மேலேயே வந்து நீட்டிப் படுத்துக்கொள்ளும். எழுப்புகிற வழக்கமெல்லாம் கிடையாது. வாலுக்கு இந்தப் பக்கம் தெரிவதைப் படித்துவிட்டு, “இந்தியா எத்தனை ரன்?” என்று எதிர் வீட்டில் போய்க் கேட்டுக்கொள்வார்.

சாப்பாட்டு விஷயம்தான் பெரிய சங்கடம். முட்டைகூட நுழையாத வீடு அது. ஆரம்பத்தில் பாலும் தயிர்சாதமும் வைத்தார். பாலென்றால் பூனைக்கு உயிர் என்று நம் ஊரில் யாருக்குத்தான் தோன்றாது? கம்பரே அவையடக்கத்தில் தன்னைப் பாற்கடலை நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்ட பூனை என்றுதானே சொல்லிக்கொள்கிறார். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் செரிக்காது, அவ்வளவு குடித்தால் வயிறு என்னத்துக்காகும் என்று கால்நடை டாக்டர் யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். பால் கிண்ணத்தைக் கண்டதும் ஓடிய தெனாலிராமன் பூனைதான் விவரமானது.

இவருக்கு டாக்டர் சொன்னார். டாரின் என்று ஒரு சத்து. பூனையின் உடம்பு அதைப் போதுமான அளவுக்குத் தயாரித்துக்கொள்ளாது. மீனிலும் கறியிலும்தான் கிடைக்கும்; குறைந்தால் கண்ணும் இதயமும் கெட்டுவிடும். அன்று சாயங்காலமே பால்கனியில் செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பாக்கெட் குடியேறியது. மேலே துள்ளும் மீன் படம். “மீன்னு சும்மா போட்டிருக்கான், பிஸ்கட்டுதான் இது” என்று மனைவியிடம் சொல்லிவைத்தார். அந்த அம்மாள் மோந்து பார்த்துவிட்டு, “ஏங்க, அப்ப காபிக்கு நீங்களும் ரெண்டு தொட்டுக்கறதுதானே?” என்றார். அதற்குத் தனிக் கிண்ணம், தனி ஸ்பூன். குடித்த காபி டம்ளரை ஒருநாளும் கழுவியறியாத மனிதர், அந்தக் கிண்ணத்தை மட்டும் இரண்டு வேளையும் தேய்த்துக் கவிழ்க்கிறார்.

பூனையும் சும்மா இருப்பதில்லை, பதில் மரியாதை செய்கிறது. பல்லி கொண்டுவந்து தலையணையில் வைக்கும். முழுசாக அல்ல, முன்பாதியோ பின்பாதியோ, அன்றைக்கு எது மிஞ்சியதோ அது. இவர் சாஸ்திரம் பார்க்கிறவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தினசரி காலண்டரின் பின்பக்க அட்டையைப் புரட்டினார். பல்லி தலையில் விழுந்தால் என்ன, தோளில் விழுந்தால் என்ன, இடம் வலம் பிரித்து எல்லாம் இருக்கிறது. கடித்துக் கொண்டுவந்து வைக்கப்பட்ட பாதிப் பல்லிக்குப் பலன் போட யாருக்கும் தோன்றவில்லை. பாதிப் பலன் என்று தானே முடிவுசெய்து, தலைக்குக் குளித்துவிட்டு வந்தார்.

ஒருகாலத்தில் பூனை குறுக்கே போனால் வீட்டுக்குத் திரும்பி, ஒரு வாய் தண்ணீர் குடித்து, ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பியவர்தான். இப்போது செருப்பை மாட்டும்போது கால்களுக்கிடையில் இப்படியும் அப்படியுமாக நாலு தடவை போகிறது. “அது குறுக்கே போகலை, வழியனுப்ப வருது” என்று சகுன சாஸ்திரத்தில் திருத்தம் கொண்டுவந்துவிட்டார். வெளியூர்ப் பயணமெல்லாம் நின்றாயிற்று. திருநெல்வேலியில் மச்சினன் பெண் கல்யாணம். ராத்திரி ரயிலில் போய், முகூர்த்தம் முடிந்த கையோடு திரும்பிவிட்டார். தண்ணி லாரி வரும் நாளாம். லாரிக்காரருக்கே அது தெரியாது.

சொந்தப் பூனை இல்லை என்பதால் பேர் வைக்கவில்லை. ஊருக்கு முன்னால் “டேய்”, தனியாக இருக்கும்போது “கண்ணு”. கீழ்வீட்டில் அதற்கு மணி என்று பேர். எதிர் பிளாக்கில் ஜூலி. செம்மஞ்சள் பூனைகளில் ஐந்துக்கு நாலு ஆணாகத்தான் இருக்கும், இதுவும் ஆண்தான். ஆனால் காரப்பொடி மீன் வேகவைத்து வைக்கிற வீட்டில் ஜூலி என்று கூப்பிட்டாலும் அது கோபித்துக்கொள்வதில்லை. மாடியில் தங்கியிருக்கும் ஐடி பெண்கள் வைத்த பேர் மஃபின். அங்கே ராத்திரிச் சாப்பாடு.

போன மாதம் மாடிப்படி ஏற மூச்சு வாங்கியது, பூனைக்கு. இரண்டு காய்கறிக் கூடைகளை ஒன்றன்மேல் ஒன்று கவிழ்த்துக் கயிறு கட்டி, ஆட்டோவில் வேப்பேரிக்குக் கொண்டுபோனார்கள். பதிவுச் சீட்டில் ‘உரிமையாளர்’ என்று ஓர் இடம். பேனாவைத் திறந்து, மூடி, திறந்து, கடைசியில் மனைவி பேரை எழுதினார். தராசு ஆறரைக் கிலோ காட்டியது. நாலு, நாலரை இருந்தால் நல்ல எடை.

“வேற வீட்லயும் சாப்பிடுதா?” என்று கேட்டார் டாக்டர்.

“எங்க பூனை வெளியில கை நனைக்கவே நனைக்காது, டாக்டர்!”

டாக்டர் மேற்கொண்டு கேட்கவில்லை. எந்த வேளை எத்தனை கிராம் என்று ஒரு தாளில் எழுதி, அதற்குமேல் ஒரு பருக்கையும் கூடாது என்று அடிக்கோடு போட்டுக் கொடுத்தார். திரும்பும் வழியில் இவர் ஆட்டோவை ஜெராக்ஸ் கடை முன்னால் நிறுத்தச் சொன்னார்.

“மூணு காப்பி போடுப்பா. ஒண்ணு கீழ்வீட்டுக்கு, ஒண்ணு எதிர் பிளாக்குக்கு, ஒண்ணு மாடிக்கு.”