ஓதம் எழுதும் நன்றி மடல்

அனுப்புநர்:
ஓதம்,
குளியலறைக்கும் படுக்கையறைக்கும் நடுச்சுவர்,
இரண்டாவது மாடி, சென்னைப் புறநகர்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வீட்டுக் கடன் பிரிவு.
(வங்கியின் பெயர் எதற்கு? எந்தக் கிளையில் பிரித்தாலும் பொருந்தும்.)

பொருள்: என்னைக் கண்டுகொள்ளாமல் கடன் வழங்கியமைக்கு நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். நான் குடியிருக்கும் ஃபிளாட்டை வாங்க ஒரு இளம் தம்பதிக்கு 20 ஆண்டுத் தவணையில் கடன் கொடுத்திருக்கிறீர்கள். அதற்கு முன் தாங்கள் செய்த சோதனைகளை அவர்கள் சொல்லிப் புலம்பக் கேட்டேன். சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, வங்கிக் கணக்கு விவரம், சிபில் மதிப்பெண். என்றோ ஒரு கிரெடிட் கார்டு பாக்கியைத் தாமதமாகக் கட்டியதற்கு விளக்கக் கடிதம் வேறு. தங்கள் வக்கீல் மூலப் பத்திரத்திலிருந்து 30 வருட வில்லங்கம் வரை புரட்டி, பழைய பாகப்பிரிவினையில் ஒரு அத்தையின் கையெழுத்து எங்கே என்று கேட்டாராம். ஆளைப் பார்த்தீர்கள், தாளைப் பார்த்தீர்கள். சுவரைப் பார்க்காத பெருந்தன்மைக்குத்தான் இந்த மடல்.

ஒருவர் வந்தார், மறுக்கவில்லை. மதிப்பீட்டாளராம். வாசலை ஒரு படம், ஹாலை ஒரு படம் எடுத்தார், அளவு பார்த்தார், கிளம்பிவிட்டார். அவர் போட்ட கணக்கு, தவணை நின்றுபோனால் இந்த ஃபிளாட்டை அவசரமாக விற்று எவ்வளவு தேற்றலாம் என்பது. அதில் எனக்குக் குறையில்லை. அது தங்கள் பணம். எனக்குப் பிடித்தது அந்தத் தம்பதியின் நம்பிக்கைதான்: “பேங்க்காரங்களே பார்த்துட்டுத்தானே லோன் கொடுத்திருக்காங்க!”

பில்டருக்கும் நன்றிக் கடன் உண்டு. சித்திரை வெயிலில் வீட்டைக் காட்டினார். நான் அப்போது கண்ணுக்கே தெரிய மாட்டேன். தெரிந்த இடத்தில் பட்டி பார்த்து, இரண்டு கோட்டிங் பெயின்ட். ஐப்பசி மழை வருவதற்குள் பத்திரம் பதிந்தாகிவிட்டது. வாஸ்து பார்க்க வந்தவர் படுக்கையறையின் தென்மேற்கு மூலையில் நின்று திருப்தியோடு தலையாட்டினார். நான் அவருக்கு நேர் பின்னால் இருந்தேன். கிரகப்பிரவேசத்தன்று கூட்டிவந்த பசு ஒன்றுதான் ஸ்டில்ட் பார்க்கிங்கில் பெயர்ந்திருந்த சிமென்ட் தரையைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தது. அதற்கும் வாழைப்பழம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

நான் அஞ்சுவது ஒருவருக்குத்தான். ஹோம் இன்ஸ்பெக்ஷன் என்று காசு வாங்கிக்கொண்டு வருகிற பொறியாளர். விற்பவர் தயவோ கமிஷனோ அவருக்குத் தேவையில்லை. ஈரமானியைச் சுவரில் வைக்கிறார். வெப்பக் கேமராவில் பார்க்கிறார்; நனைந்த சுவர் குளிர்ந்திருக்குமே, பெயின்ட்டுக்குள் எவ்வளவு தூரம் படர்ந்திருக்கிறேன் என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது. டைல்ஸைத் தட்டி அடியில் கலவை இல்லாத இடத்தைச் சத்தத்திலேயே கண்டுபிடிக்கிறார். குளியலறையில் தண்ணீர் கட்டி, ஒரு நாள் விட்டு, கீழ்வீட்டுக் கூரையைப் போய் அண்ணாந்து பார்க்கிறார். ப்ளக் பாயின்ட்டில் எர்த் இருக்கிறதா என்பதையும் விடுவதில்லை. இவ்வளவுக்கும் ஆகிற செலவு மாடுலர் கிச்சனுக்குக் கொடுத்ததில் சிறு துளி. ஆனால் நம் மக்கள் கிச்சனுக்குத்தான் கொடுப்பார்கள். வாழ்க!

அதைவிடக் கொடுமை, அவர் எல்லாவற்றையும் தேதி போட்டு, படத்தோடு எழுதிக் கொடுத்துவிடுகிறார். 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தை அறிவீர்கள். வீட்டை ஒப்படைத்து 5 ஆண்டுக்குள் கட்டுமானத்திலோ வேலைத் தரத்திலோ குறை இருப்பதைத் தெரிவித்தால், பில்டர் 30 நாளுக்குள் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். வெறுங்கையோடு போனால், “இந்த வருஷம் மழை ஜாஸ்தி சார்”, “நீங்க ட்ரில் போட்டிருப்பீங்க”, “மேல்வீட்டுல கேளுங்க” என்றே ஐந்து வருடத்தை ஓட்டிவிடலாம். பொறியாளரின் அறிக்கை கையில் இருந்தால் அந்த மூன்று பதிலும் செல்லாது. பத்திரம் பதியும் முன்பே எடுத்துவிட்டாலோ, விலையையே குறைத்துக் கேட்பார்கள்.

ஆகவே, சுவர்ச் சோதனை அறிக்கையைக் கடனுக்கு நிபந்தனையாக்கும் விபரீத யோசனை தங்கள் தலைமை அலுவலகத்தில் எவருக்கும் தோன்றாதபடி பார்த்துக்கொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அப்படி ஒன்று வாங்கலாம் என்று கடன் கேட்டு வருவோரிடம் வாய்தவறிக்கூடச் சொல்லிவிட வேண்டாம்.

ஒருவேளை தம்பதியால் தவணை கட்ட முடியாமல் போய், வீட்டை ஏலம் விட நேர்ந்தாலும் கவலை வேண்டாம். ‘எங்கே உள்ளதோ, எப்படி உள்ளதோ, அப்படியே’ என்று நாளிதழில் தாங்கள் தரும் அறிவிப்பில் என்னையும் சேர்த்துத்தானே விற்கிறீர்கள்? அடுத்தவருக்கும் கடன் தாங்களே கொடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓதம்

நகல்: மேல்வீட்டுக் குளியலறைக் குழாய், தகவலுக்காக.