எல்லாருக்கும் ஜயவேவா

கண்டியில் வளர்ந்தவர்களுக்கு ஜனாதிபதித் தேர்தல் நெருங்குவதைத் தேர்தல் ஆணையாளர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாவிக்கரை வீதியில் கறுப்புக் கண்ணாடி போட்ட வாகனங்கள் வரிசைகட்டி நின்றால் போதும். யாரோ ஒருவர் தலதா மாளிகையில் மலர் வைத்துவிட்டு மல்வத்தை விகாரைக்குப் போகிறார் என்றோ, மல்வத்தையை முடித்துக்கொண்டு அஸ்கிரியவுக்கு ஏறுகிறார் என்றோ பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். மறுநாள் பத்திரிகையில் படம் வரும்: மகாநாயக்க தேரர் ஆசனத்தில், வேட்பாளர் அவர் காலடியில், இரு கையிலும் வெற்றிலை, முகத்தில் மனைவிகூடக் கண்டிராத பணிவு. அடுத்த வாரம் எதிர்த்து நிற்பவர் வருவார். அதே ஆசனம், அதே வெற்றிலை, அதே பணிவு, அதே ஆசி. உங்கள் வீட்டுப் பழைய பத்திரிகைக் கட்டிலும் இந்தப் படம் இருக்கும். தேதியைக் கிழித்துவிட்டால் எந்தத் தேர்தல் என்று கண்டுபிடிக்க வேட்பாளரின் தலைமயிரைத்தான் பார்க்க வேண்டும்.

நாட்டு மக்கள் முதன்முதலாக ஒரு ஜனாதிபதியை நேரடியாகத் தெரிவுசெய்த 1982 ஒக்டோபரில் என்னிடம் தாடியும் ஜோல்னாப் பையும் ஏராளமான கருத்துகளும் இருந்தன. இன்று மிச்சம் தாடி மட்டுந்தான், அதுவும் வெள்ளை. ஜே.ஆர். ஜயவர்தனவின் யானைக்கும் ஹெக்டர் கொப்பேகடுவவின் கைக்கும் ஊரே பிரிந்து நின்றபோது, நான் சாவிச் சின்னத்தில் நின்ற கொல்வின் ஆர். டி சில்வாவின் ஆள். நூற்றுக்கு ஒருவர்கூட அவருக்குப் போடவில்லை என்று பிறகு தெரிந்தது. ஆனால் அந்த ஒக்டோபரில், எங்கள் ஒழுங்கையின் தேநீர்க் கடை வாங்கில் உட்கார்ந்து நான் பேசியதைக் கேட்டவர்கள், கொல்வின் மறுநாளே பதவியேற்கப் போகிறார் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

கடைக்கு மேலே, படியேறினால் பன்சலை. அங்கிருந்த வயதான ஹாமுதுருவோ போயா இரவுகளில் பண, அதாவது தர்ம உபதேசம், சொல்வார். ஒலிபெருக்கி வழியாக அது கடைக்கும் வரும், முதலாளி வானொலியை அணைத்துவிடுவார். அந்த மாதத்துப் பண கேட்பதில் எங்களுக்கு இருந்த சுவையை இன்று யாருக்கும் விளங்கவைக்க முடியாது. அவர் எந்தக் கட்சியின் பெயரையும் சொல்லமாட்டார். எல்லா வேட்பாளர்களும் நோய்நொடியின்றி வாழ வேண்டும், எல்லார் மனதிலும் மைத்திரி பெருக வேண்டும் என்றுதான் தொடங்குவார், முடிப்பதும் அதில்தான். நடுவில்தான் விஷயம். ‘தர்மிஷ்ட’ என்ற சொல் இரண்டு தரம் விழுந்தால், அது ஜே.ஆர். 1977இல் வாக்களித்த தர்மிஷ்ட சமுதாயம் என்று பச்சைக்காரர்கள் தொடையில் தட்டுவார்கள். அடுத்த நிமிடமே ஜாதகக் கதையொன்றில் ஓர் உழவன் வந்துவிட்டால், முன்னாள் விவசாய அமைச்சர் கொப்பேகடுவவைத்தான் சொல்கிறார் என்று நீலக்காரர்கள் இன்னொரு பிளேன்டீ கேட்பார்கள். உழவன் என்றதும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தங்கியிருந்த என் மாமாவும் நிமிர்ந்து உட்காருவார். இறக்குமதி தடைப்பட்டிருந்த காலத்தில் மிளகாயும் வெங்காயமும் கொடுத்த காசை அவர் மறக்கவில்லை. அவர் மட்டுமல்ல, அந்தத் தேர்தலில் யாழ் மாவட்டத்தில் குமார் பொன்னம்பலத்துக்கு அடுத்தபடியாக வந்தவரே கொப்பேகடுவதான்.

நானோ இந்தச் சில்லறை இன்பங்களுக்கு மேலே இருந்தவன். ஒரு நாள் படியேறிப் போய், துறவிக்கு அரசியல் எதற்கு என்று கேட்டேன். பண்டா–செல்வா ஒப்பந்தத்துக்கு எதிராக 1957இல் மாளிகையை நோக்கி நடக்கப் புறப்பட்டு இம்புல்கொடையோடு திரும்பிய ஜே.ஆரையும், 1958இல் அதே ஒப்பந்தத்தைக் கிழிக்கும்வரை பண்டாரநாயக்கவின் வீட்டு வாசலில் உட்கார்ந்த பிக்குமாரையும், அடுத்த ஆண்டே அவரைச் சுட்ட காவியுடையையும் தேதிவாரியாக அடுக்கினேன். அவர் முடிய விட்டார். பிறகு, துறவி ஏன் அரசியல் பேச வேண்டும் என்று வல்பொல ராகுல 1946இலேயே ஒரு புத்தகம் எழுதியிருக்கிறாரே, படித்தாயா புத்தா, என்று கேட்டார். படிக்கவில்லை. படித்துவிட்டு வந்து சண்டை பிடி என்று ஒரு கோழிக்கூட்டு வாழைப்பழத்தைக் கையில் வைத்து, மணிக்கட்டில் பிரித் நூலும் கட்டிவிட்டார். ‘பரீட்சைக்கு,’ என்றவர், நான் வாசலைத் தாண்டியபோது, ‘கொல்வினுக்கும் சேர்த்துத்தான்,’ என்றார். லெனினையும் ட்ரொட்ஸ்கியையும் தவிர எவரையும் நம்பாத இளைஞன், அந்த நூல் தானாக இற்று விழும்வரை முழுக்கைச் சட்டை போட்டுத் திரிந்தான்.

அதே ஆண்டு டிசம்பரில் பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டுவதா என்று சர்வஜன வாக்கெடுப்பு வைத்தார்கள். ஆம் என்பதற்கு விளக்கு, இல்லை என்பதற்குப் பானை. இரண்டுமே பன்சலையில் கிடக்கிற சாமான்கள். விளக்கேற்றுங்கள் என்று சொன்னால் அது அரசாங்கத்துக்குப் பிரசாரம், பானையில் தண்ணீர் நிரப்பச் சொன்னால் எதிர்க்கட்சிக்கு. அந்தப் போயாவில் ஹாமுதுருவோ பூக்களைப் பற்றி மட்டுமே பேசினார். விளக்கு வென்றது. அடுத்த ஜூலைக் கலவரத்தோடு தேநீர்க் கடையும் இல்லை, வாங்கும் இல்லை. முதலாளி திருச்சிக்குப் போனார் என்று சொன்னார்கள்.

1988இல் வாக்களிக்கப் போவதே உயிரைப் பணயம் வைப்பதாக இருந்தது, ஜே.வி.பி. பகிஷ்கரிக்கச் சொன்ன அந்தத் தேர்தலில் ஆசிக்கு அர்த்தம், உயிரோடு வீடு திரும்பு என்பதுதான். பிறகு காலம் வேறு மாதிரி ஓடிற்று. 2004இல் ஒன்பது பிக்குமார் நேராகப் பாராளுமன்றத்துக்கே போய் உட்கார்ந்தார்கள், ஜாதகக் கதையில் உழவனைத் தேடும் வேலை எங்களுக்கு இல்லாமல் போயிற்று. 2014 நவம்பரில் மைத்திரிபால இரவு மகிந்தவோடு அப்பம் சாப்பிட்டுவிட்டு மறுநாள் அவரையே எதிர்த்து நிற்க வந்தபோது, அந்த எதிரணியின் முன்னே நின்றவர் கோட்டை நாக விகாரையின் மாதுளுவாவே சோபித தேரர். அவர் எதையும் மறைத்துப் பேசவில்லை, பேசியது சரியாகவும் இருந்தது, நானும் கைதட்டினேன். தட்டும்போதே தொண்டைக்குள் ஓர் அற்ப ஏக்கமும் எழுந்தது, இனி எவரும் உழவன் கதை சொல்லமாட்டார்களே என்று.

2019ஐப் பற்றிச் சொன்னால் பேரப்பிள்ளைகள் நான் கட்டிவிடுகிறேன் என்கிறார்கள். களனி கங்கையிலிருந்து ஒரு நாகம் தாதுக்களோடு கரையேறியது, நாட்டுக்கு ஒரு தலைவன் வரப்போவதன் அடையாளம் அது, என்று தொலைக்காட்சியில் காட்டினார்கள். முப்பத்தைந்து பேர் நின்றார்கள், வாக்குச்சீட்டு 26 அங்குலம். வென்ற கோட்டாபய, எல்லாளனை வென்ற துட்டகைமுனு கட்டிய ருவன்வெலிசாயவின் முன்னால் பதவியேற்றார். எங்கள் பக்கத்தவர்களுக்கு அதன் விளக்கவுரை தேவைப்படவில்லை. அவர் கட்சியின் சின்னம் தாமரை மொட்டு. அதற்குப் பிறகு மாளிகை வாசலில் பூ விற்கும் அம்மாவிடம் மொட்டு கேட்பதே ஒரு கட்சியில் சேருவதாகிவிட்டது. பெற்றோல் வரிசையில் நாடே படுத்துக்கிடந்த 2022இல் அதே அம்மா ஒவ்வொரு மொட்டின் இதழையும் மடித்து மடித்து முழுப்பூவாக்கி அடுக்கியிருந்தார். ‘மொட்டாகக் கொடுத்தால் வாங்குகிறார்கள் இல்லை, மாத்தயா.’ அந்த நாகம் திரும்பக் கங்கைக்கே போய்விட்டதா என்று பக்கத்தில் நின்ற பையன் கேட்டான். எங்களுக்கு வாய்த்த தர்க்கங்களைவிட அவன் கேலி ஆயிரம் மடங்கு மேல்; கொல்வினின் கட்சிப் பத்திரிகையை மனப்பாடம் செய்த எனக்கு அந்த வயதில் சிரிக்கத் தெரியாது.

பழைய ஹாமுதுருவோவின் ஆசனத்தில் இன்று இருப்பவர் இளைஞர், நல்லவர், இரண்டு கைபேசி வைத்திருப்பவர். ஒழுங்கைக்காரர்களின் வட்ஸ்அப் குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார். விடிய ஐந்தரைக்கு உதயசூரியன் படமும் தம்மபதக் கருத்தொன்றும் வரும்: கோபத்தை அடக்கு, பேச்சை அள, பிறர் குற்றம் தேடாதே. ஏழு மணிக்கு அவரது காணொளி வரும்: எதிரணி வேட்பாளர் ஏன் நாட்டைத் தின்றுவிடுவார் என்பதற்கான காரணங்கள். வெற்றியையும் தோல்வியையும் விட்டவன் நிம்மதியாக உறங்குவான் என்ற கருத்துள்ள பாடலும் தம்மபதத்தில் உண்டு. தேர்தல் மாதத்தில் அது மட்டும் அவர் கண்ணில் படுவதில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அவர் எந்தப் பக்கம் என்று தெரிய போயாவரை காத்திருக்க வேண்டியதில்லை, அந்த ஆளை எனக்குப் பிடிக்காது என்று நானும் கீழே நேராகவே எழுதலாம். எழுதியும் இருக்கிறேன். பெருவிரல் உயர்த்திய படமொன்றைப் பதிலாகப் போட்டார், வாழைப்பழம் அனுப்பும் வசதி இன்னும் வரவில்லை.

2024 செப்டெம்பரில், ஒரு காலத்தில் வாக்களிக்காதே என்று சொன்ன ஜே.வி.பி.யின் தலைவர் அநுர குமார, முதன்முறையாக இரண்டாம் விருப்பு வாக்கும் எண்ணப்பட்டு ஜனாதிபதியானார். எங்கள் இளம் ஹாமுதுருவோவின் ஆள் தோற்றுவிட்டார். மறுநாள் ஐந்தரைக்கு, தோன்றியவை யாவும் அழியும் என்று உதிர்ந்த இலையின் படத்தோடு செய்தி வந்தது. ஏழு மணிக் காணொளி வரவில்லை. பகல் தானத்துக்குப் பிறகு, புதிய ஜனாதிபதிக்கு மும்மணிகளின் ஆசி கிட்டட்டும் என்று தாமரைப் படம் போட்டிருந்தார், நன்றாக விரிந்த தாமரை. குழுவில் எல்லாரும் சாது, சாது, சாது என்று எழுதினார்கள்; நானும் எழுதினேன்.